'மறிச்சு' என்ற ஒரு சொல்: நீதிமன்றத் தொடர் பார்த்த எல்லையோரத் தமிழர்கள் கேட்ட கேள்விகள்

சித்தூரில் 29 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சித்தூர் என்றதும் பலருக்கு ஆந்திரத்துச் சித்தூர்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். எங்கள் தெருவில் வீட்டுக்குள் தமிழ், கடையில் தமிழும் மலையாளமும், ஆபீஸ் என்றால் மலையாளம். சென்ற வாரம் ஒரு மலையாள நீதிமன்றத் தொடரில் எங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரின் வழக்கு வந்தது. மறுநாள் காலை பால் ஊற்ற வந்த அக்கா தொடங்கி, மாலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வரை எல்லோரும் என்னிடம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகிறது என்பதால் எழுதிவைக்கிறேன்.

நான் அந்தப் பகுதியைப் பார்க்கவில்லை. கதை என்ன?

எல்லைக் கிராமம் ஒன்றில் இரவு நேரத்தில் பால் கேன்களோடு வரும் சிறிய வண்டியை நான்கு இளைஞர்கள் வழியில் நிறுத்துகிறார்கள். பழைய பணத் தகராறு. சிறிது நேரத்தில் வண்டி சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. பால் முழுக்க மண்ணில். ஓட்டுநருக்குக் கை முறிவு. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பாட்டி ஒருத்திதான் நேரில் பார்த்த ஒரே சாட்சி. நீதிமன்றத்தில் அவர், "வண்டியை மறிச்சாங்க" என்கிறார். வழிமறித்தார்கள் என்று பொருள். மலையாளத்தில் 'மறிச்சு' என்றால் கவிழ்த்தார்கள். அரசு வக்கீல் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறார். நால்வரும் சேர்ந்து வண்டியைப் புரட்டிப் போட்டதாகப் பதிவாகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் இளம் வக்கீல் ஒருவர் ஒரு தமிழாசிரியரைக் கூட்டி வந்து உண்மையை உடைக்கிறார். நீதிபதி சுத்தியலால் தட்டி நால்வரையும் விடுதலை செய்கிறார். அரங்கம் கை தட்டுகிறது.

ஒரே ஒரு சொல்லால் ஒரு வழக்கு அப்படிப் புரண்டுவிடுமா?

புரளும். தொடரை எழுதியவர்கள் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்காக அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். எல்லைப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இந்தச் சொல் அகப்பட்டிருக்கும்.

சட்டத்தில் பாருங்கள். ஒருவரை வழிமறித்துத் தடுப்பதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 126ஆம் பிரிவில் அதிகபட்சம் ஒரு மாதச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேண்டுமென்றே ஒருவர் சொத்தை நாசம் செய்து ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத நஷ்டம் உண்டாக்கினால், 324ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. இரண்டுக்கும் நடுவே அந்தப் பாட்டியின் ஒரு வினைச்சொல்தான் நின்றது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைத் தொடரில் காட்டவில்லை. நாம் பேசும்போது ரகரத்தையும் றகரத்தையும் பெரும்பாலும் பிரிப்பதில்லை. மலையாளிகள் பிரித்துச் சொல்வார்கள், பிரித்துக் கேட்பார்கள். நம் 'மறிச்சு' அவர்கள் காதில் 'மரிச்சு' என்று விழுந்தால், அதற்கு இறந்துபோனார் என்று பொருள்.

அந்தப் பாட்டி தப்பாகச் சொன்னதால்தானே இவ்வளவும்?

இல்லை. எனக்கு மனம் கொதித்தது இந்த இடத்தில்தான். தமிழாசிரியர் விளக்கம் சொன்னதும் காமிரா பார்வையாளர் வரிசைக்குத் திரும்புகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். பாட்டி கூண்டின் கட்டையைப் பிடித்தபடி, யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். பின்னணியில் வேடிக்கை இசை வேறு.

அவர் கண்ணால் பார்த்ததைத் தன் மொழியில் துல்லியமாகச் சொன்னார். வழக்கில் சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். சாட்சி தவறவில்லை, பதிவு தவறியது. எழுதிக்கொண்டவர், கேட்டவர், சரிபார்க்காமல் விட்டவர் என்று எத்தனை பேர் இருக்கும்போது படிக்காத கிழவியின் தலையில் சிரிப்பைக் கொட்டியது அநியாயம். எங்கள் தெருவிலும் சிலர் சிரித்தார்கள். நாளை அதே கூண்டில் அவர்கள் அம்மா நிற்கலாம்.

பாட்டியாக நடித்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வக்கீல் கேட்டதும் உடனே பதில் சொல்லாமல், ஒரு கணம் நீதிபதியைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார். கிராமத்துச் சாட்சிகள் அப்படித்தான் செய்வார்கள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உண்மையான நீதிமன்றத்தில் இந்தத் தவறு எந்த இடத்தில் பிடிபடும்?

எந்தத் தொடரிலும் வராத ஓர் ஐந்து நிமிடத்தில். சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்டுகிற ஐந்து நிமிடம்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 313ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 2024 ஜூலை 1க்கு முன்பு இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 278ஆம் பிரிவு. வாரண்ட் வழக்குகளிலும் (இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்கள்) செஷன்ஸ் நீதிமன்ற வழக்குகளிலும் சாட்சி சொல்லி முடித்தவுடன், குற்றம் சாட்டப்பட்டவர் அல்லது அவருடைய வக்கீல் முன்னிலையில் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் திருத்த வேண்டும். சாட்சி பேசிய மொழி ஒன்று, எழுதிய மொழி வேறு, அது சாட்சிக்குப் புரியாது என்றால், அவர் பேசிய மொழியிலோ அவருக்குப் புரிகிற மொழியிலோ பெயர்த்துச் சொல்ல வேண்டும். சலுகை என்று எண்ண வேண்டாம், நீதிமன்றத்தின் கடமை அது.

தொண்ணூறுகளில் நடந்த ஒரு வரப்புத் தகராறு நினைவுக்கு வருகிறது. அது சிவில் வழக்கு. அதிலும் அப்போது சாட்சியத்தைப் படித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. எங்கள் கட்சிக்காரியான அம்மாள் ஒருவர், "வெள்ளம் வந்து வரப்பு போய்விட்டது" என்று சொன்னார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் வந்ததால் வரப்பு கரைந்தது என்று பதிவாகிவிட்டது. அதாவது தண்ணீர் பாய்ச்சியவர் குற்றம். அந்த அம்மாளே குற்றவாளி ஆகிவிடுகிற நிலை.

பெஞ்ச் கிளார்க் படித்துக்கொண்டே வந்தார். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அம்மாள் சேலை முந்தானையில் புகையிலையை முடிந்து, அந்த முடிச்சை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டார். அந்த வரி வந்ததும் முடிச்சை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். "குடிக்கிற தண்ணீர் இல்லை சாமி. ஆற்று வெள்ளம். மாடு அடித்துக்கொண்டு போனதே, அந்த வெள்ளம்" என்றார். நீதிபதி பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்து, மேலே 'வெள்ளப்பொக்கம்' என்று மலையாளத்தில் எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

தொடரில் இந்த ஐந்து நிமிடம் இருந்திருந்தால் தமிழாசிரியர் வந்திருக்கவே வேண்டாம். பாட்டியே கையைத் தூக்கியிருப்பார். என்னைக் கேட்டால், பத்து நிமிட வசனத்தைவிட அதுதான் பெரிய காட்சி.

படித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வது?

"ஐயா, எனக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள்" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். கிளார்க்கிடமோ வக்கீலிடமோ முணுமுணுக்காதீர்கள். நீதிபதியிடமே, எல்லோர் காதிலும் விழும்படி, பணிவாகச் சொல்லுங்கள். சாட்சியப் பதிவில் நீதிபதி கையொப்பம் இட வேண்டும் என்பது சட்டம். சாட்சியிடமும் வாங்குவது வழக்கம்.

படித்ததில் தவறு இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் நீதிபதி திருத்தலாம். திருத்தாவிட்டாலும் உங்கள் மறுப்பை ஒரு குறிப்பாக எழுதிவைப்பார். அந்தக் குறிப்பு பதிவோடு இருக்கும். அப்பீலில் அது பேசும். வேலை நெருக்கடியில் இந்தப் படிப்பு வாய்க்குள்ளேயே முணுமுணுத்து முடிந்துபோகும் நாட்களும் உண்டு. நம் வழக்குக்காக நாம் கேட்கத்தான் வேண்டும்.

போலீஸ் எழுதியதிலும் அதே தவறு இருந்ததே?

தவறின் வேர் அங்கேதான் இருந்தது. அதைத் தொடரில் ஓரளவு சரியாகவே காட்டினார்கள். விசாரணையின்போது போலீசார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அதே நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 181ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. கேட்டாலும், தேவையில்லை என்று சொல்லலாம். மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் வேறு. அதில் கையெழுத்து உண்டு.

போலீஸ் வாக்குமூலம் தனித்துச் சாட்சியம் ஆகாது. ஆனால் கூண்டில் நீங்கள் வேறு மாதிரி சொன்னால், "அன்று இப்படிச் சொன்னீர்களே" என்று அதைக் காட்டிக் கேட்பார்கள். அந்த நேரத்தில் பயந்து, "ஆமாம்" என்று சொல்லிவிடாதீர்கள். "நான் தமிழில் சொன்னேன். எழுதியவர் மலையாளத்தில் எழுதினார். நான் சொன்ன சொல் இது" என்று அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள்.

எனக்கு மலையாளம் நன்றாகவே வரும். நானும் தமிழில்தான் சொல்ல வேண்டுமா?

வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் அனுபவத்தில் ஆபத்து அதிகம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். மலையாளமே தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பவரை அமர்த்துவார்கள். பாதி தெரிந்தவரை, "தெரியுமல்லவா, சொல்லுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். சந்தையில் விலை பேசுகிற மலையாளம் வேறு, கூண்டில் நேரத்தையும் தூரத்தையும் செயலையும் சொல்கிற மலையாளம் வேறு.

கேரளத்தின் கீழ் நீதிமன்றங்களில் ஆங்கிலமும் மலையாளமும் நடக்கின்றன. சாட்சி வேறு மொழியில் பேசினால், முடிந்தவரை அந்த மொழியிலேயே எழுத வேண்டும். முடியாவிட்டால் அவர் பேசப் பேச உண்மையான மொழிபெயர்ப்பைத் தயாரிக்க வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 312ஆம் பிரிவு. மொழிபெயர்க்கிறவர் உண்மையாகப் பெயர்த்துச் சொல்லச் சட்டப்படி கடமைப்பட்டவர். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு. அவருக்குப் புரியாத மொழியில் சாட்சி பேசினால், திறந்த நீதிமன்றத்திலேயே அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

வேறு எந்தெந்தச் சொற்களில் கவனம் வேண்டும்?

நிறைய இருக்கின்றன. நான் கண்ணெதிரே பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

மலையாளத்தில் 'மொழி' என்றாலே வாக்குமூலம்தான். "மொழி கொடுக்க வந்தீர்களா?" என்று கேட்டால் நம்மவர் விழிப்பார். 'பிரதி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். நமக்கு அது நகல். "மூன்றாம் பிரதி எங்கே?" என்று கேட்டதற்கு ஒரு பெரியவர் பையைத் திறந்து ஜெராக்ஸ் காகிதத்தைத் தேடினார். அவர்தான் மூன்றாம் பிரதி. 'விஸ்தாரம்' என்றால் சாட்சி விசாரணை. 'விதி' என்றால் தீர்ப்பு. "விதி நாளை" என்று வக்கீல் சொன்னதைக் கேட்டு ஓர் அம்மா அழுதுவிட்டார்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'சம்மதிச்சு'. நமக்குச் சம்மதம் என்றால் உடன்பாடு. மலையாளத்தில் ஒப்புக்கொண்டேன் என்றும் அதற்குப் பொருள் உண்டு. "குற்றம் சம்மதிக்கிறாயா?" என்ற கேள்வி அரைகுறையாகக் காதில் விழுந்து, ஏதோ ஏற்பாட்டுக்கு இசைகிறாயா என்று கேட்பதாக எண்ணித் தலையை ஆட்டினால், அங்கேயே கதை முடிந்தது.

நீதிபதி சுத்தியல், கீதை மேல் சத்தியம், "அப்ஜெக்ஷன் யுவர் ஆனர்", இதெல்லாம் உண்டா?

29 ஆண்டில் நான் ஒரு சுத்தியலைப் பார்த்ததில்லை. கீதை மேல் கை வைப்பதும் இல்லை. 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது மனசாட்சிப்படி உறுதி கூறலாம். நூல் எதுவும் தேவையில்லை. வக்கீல்கள் ஆட்சேபிப்பார்கள், ஆனால் நாடக மேடைபோல் கத்த மாட்டார்கள். 'யுவர் ஆனர்' பற்றியும் கேட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் 'சார்' என்றோ வட்டார மொழியில் அதற்கு ஈடான சொல்லாலோ அழைத்தால் போதும் என்று இந்திய பார் கவுன்சில் 2006இல் விதி செய்திருக்கிறது.

கடைசி நேரத்தில் ஒரு சாட்சியைக் கதவைத் திறந்து கூட்டி வரலாமா?

அப்படி முடியாது. போலீஸ் வைத்திருக்கும் வாக்குமூலங்களின், ஆவணங்களின் நகல்கள் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்கூட்டியே கிடைத்துவிடும். எதிர்த்தரப்புச் சாட்சிக்கும் அதற்கான கட்டமும் மனுவும் உண்டு. எந்தக் கட்டத்திலும் யாரையும் அழைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. ஏற்கெனவே சாட்சி சொன்னவரையே திரும்ப அழைக்கலாம். இந்த வழக்கில் செய்திருக்க வேண்டியது அதுதான். பாட்டியையே மறுபடி கூண்டில் ஏற்றி, "மறிச்சாங்க என்றால் என்னம்மா? கையால் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கலாம். நீதிபதியே கேட்கலாம், அவருக்கு அந்த அதிகாரம் முழுமையாக உண்டு. பாட்டி இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருப்பார்.

நால்வரையும் விடுதலை செய்தது சரியா?

சரியில்லை. எல்லோரும் கை தட்டியபோது நான் தட்டவில்லை.

பாட்டியின் சொல்லுக்குச் சரியான பொருளை எடுத்துக்கொண்டால் என்ன நிரூபணமாகிறது? நால்வரும் வழிமறித்தார்கள் என்பது நிரூபணமாகிறது. அதுவும் குற்றம்தான். பெரிய குற்றச்சாட்டு விழுந்துவிட்டால் சிறிய குற்றமும் சேர்ந்து மறைந்துவிடாது. இருட்டில் நான்கு பேர் குறுக்கே நின்றதால்தான் ஓட்டுநர் வண்டியை ஒடித்துத் திருப்பினாரா என்ற கேள்வியையும் யாரும் எழுப்பவில்லை. பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஓட்டுநரின் முறிந்த கையும் கொட்டிப்போன பாலும் கதையிலிருந்தே காணாமல் போய்விட்டன. பால் சொசைட்டிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். ஒரு நாள் நடை போனால் அவர்கள் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தீர்ப்பும் அப்படி நின்ற நிலையில் வந்துவிடாது. வாதம் முடிந்த பிறகு 45 நாள் வரை ஆகலாம். மலையாளப் பத்திரிகைகள் விடுதலையை 'வெறுதே விட்டு', அதாவது சும்மா விட்டார்கள், என்று எழுதும். அன்று நடந்தது உண்மையிலேயே அதுதான்.

கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவைத் தமிழில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களிலும் அப்படியே. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவும் குறை தீர்க்கும் மனுக்களுக்குத் துணை நிற்கிறது. ஆனால் இது அலுவலகங்களுக்கு. நீதிமன்றத்துக்கு மேலே சொன்ன விதிகள்தான்.

வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால்?

சாட்சிக்கு வக்கீல் தேவையில்லை. வழக்கில் சிக்கியவர்களானால், தாலுகா சட்டப் பணிக் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள்.

நகரி, குப்பம் பக்கம் எங்கள் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது பொருந்துமா?

சட்டம் நாடு முழுவதும் ஒன்றுதான். சொற்கள்தான் மாறும். தெலுங்கில் 'மரிச்சி' என்றால் மறந்து. ஆக, நம் பாட்டி ஆந்திரத்தில் நின்று அதே சொல்லைச் சொல்லியிருந்தால், யாரோ எதையோ மறந்துபோனதாகக் காதில் விழுந்திருக்கும். 'அவசரம்' என்றால் அங்கே தேவை. மலையாளத்தில் வாய்ப்பு. நமக்கோ அவசரம். "அவசரம் இல்லை" என்று அங்கே சாட்சி சொன்னால் எனக்குத் தேவையே இல்லை என்றாகிவிடும்.

அடுத்த பகுதியைப் பார்ப்பீர்களா?

கட்டாயம் பார்ப்பேன். எங்கள் எல்லைப்புறத்து மனிதர் ஒருவரை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அது பெரிய காரியம். பால் ஊற்றும் அக்கா வந்ததும் நான் முதலில் கேட்கப்போவது, அந்த ஓட்டுநருக்கு வண்டி ஓட்டக் கை சரியானதாகக் காட்டினார்களா என்பதைத்தான். மின்சாரம் போய் எங்கள் வீட்டில் கடைசி மூன்று நிமிடம் தெரியவில்லை.